பக்கம் நாற்பத்தொன்று–அ

அட்டை அக்காவிடம் மணி கேட்டால் மணியைச் சொல்வாள். வருடம் கேட்டால் இன்ஜினைச் சொல்வாள்.

"எங்க கல்யாணமா? அது செயின் போயி பெல்ட் வந்த வருஷம் நடந்தது. மக பொறந்தது பெல்ட் வந்த ரெண்டாவது வருஷம். இப்ப இருக்கற வீட்டுக்குக் குடி வந்தது, கார்புரேட்டர் போயி இன்ஜெக்டர் வந்தப்போ."

புதிதாகக் கேட்கிறவர்கள் விழிப்பார்கள். ஒர்க்‌ஷாப்புகள் நிறைந்த அந்தத் தெருவில் யாரும் விழிக்க மாட்டார்கள். ஊரில் ஓடும் வண்டிகளில் பாதிக்கு ஒரே இன்ஜின். ஜப்பான் கம்பெனி ஒன்றின் நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் அது. கொள்ளளவு ஆயிரத்து முந்நூறு சி.சி. என்பதால் அதற்குப் பெயரே 'ஆயிரத்து முந்நூறு' ஆகிவிட்டது. டாக்ஸியில் அதுதான், பள்ளி வேனில் அதுதான், ரொட்டிக் கம்பெனியின் சின்ன லாரியிலும் அதுதான். பெயர் மாறாமல் உள்ளே மட்டும் மாறிக்கொண்டே வந்த அந்த இன்ஜினின் வரலாறு முழுதும் அக்காவின் விரல் நுனியில் இருந்தது. விரல் நுனியில் என்றால் பேச்சுக்குச் சொல்வதல்ல. வாஷரைக் கண்ணை மூடித் தடவிப் பார்த்தே எந்த வருடத்து இன்ஜினுக்குரியது என்று சொல்லிவிடுவாள்.

அவள் உட்காரும் இடம், பதினோரு அடி நீளக் கவுன்டருக்குப் பின்னால் ஓர் உயரமான ஸ்டூல். ஸ்பேர் பார்ட்ஸ் கடை. அங்கே அவள் வேலைக்கு வந்து இருபத்தொன்பது வருடம் நான்கு மாதம் ஆகிறது. வந்தது ஆறே வார வேலைக்கு. கம்பெனி அனுப்பிய தடித்த பாக விவரப் புத்தகத்தைப் பார்த்து, ஒரு பாகத்துக்கு ஓர் அட்டை என்று டைப் அடித்து அடுக்கித் தர வேண்டும், அவ்வளவுதான். ஏழாவது வாரம் முதலாளி போகச் சொல்ல மறந்துவிட்டார். அவளும் நினைவூட்டவில்லை.

இப்போது அட்டைகள் நான்காயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு. முப்பத்தாறு இழுப்பறைகள். ஒவ்வோர் அட்டையிலும் பாகத்தின் பெயர், எண், எந்த இன்ஜின் எண்ணிலிருந்து எந்த எண் வரை அது பொருந்தும் என்ற விவரம், மூலையில் பென்சிலால் வரைந்த சின்னப் படம். கடைக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது எல்லாவற்றையும் அவளே அதில் ஏற்றினாள். ஆனாலும் கம்ப்யூட்டர் சொல்வதை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் பாகத்தைக் கையில் கொடுக்க மாட்டாள். "அக்கா அட்டையை விட மாட்டா, அட்டை அக்காவை விடாது" என்பது அவள் தம்பியின் கிண்டல். தம்பி மெக்கானிக். கடைக்கு நேர் பின்னாலேயே அவனுடைய ஒர்க்‌ஷாப்.

அவள் அந்த இன்ஜினைப் பற்றிப் பேசினால், புகுந்த வீட்டு மனிதர்களைப் பற்றிப் பேசுவது போலவே இருக்கும். "முதல்ல வந்தது கறுப்பு மூடி. கொஞ்சம் முரடு, ஆனா உண்மையானது. உள்ள வால்வுகள ஓட்டற செயின் சத்தம் போடும், ஆனா அறுந்து நடுத்தெருவுல விடாது. அப்புறம் வந்தது வெள்ளி மூடி. செயினுக்குப் பதிலா பெல்ட். வாய் பேசாது, ஆனா குறிச்ச தேதியில கவனிக்கலேன்னா ஒரேயடியா கவுத்துடும். அப்புறம் பதினாறு வால்வு வந்துச்சு, இன்ஜெக்டர் வந்துச்சு. படிச்ச பிள்ளை. எதுக்கெடுத்தாலும் டேஷ்போர்டுல லைட்டப் போட்டுக் குத்தம் சொல்லும். இப்ப வர்றதுல மறுபடியும் செயின்."

"சுத்திச் சுத்தி இருபது வருஷத்தப் பாழாக்கிட்டு, கடைசியில செயினுக்கே வந்தாங்களா?" என்று அவள் கணவர் சிரிப்பார். "இதை நம்ம வீட்லயே கேட்டிருந்தா, முதல்லயே வேணாம்னு சொல்லியிருப்பேனே!"

கணவர் நடமாடும் நூலகத்தின் ஓட்டுநர். நகராட்சியின் நூலக வேன் அது. உள்ளே இருபக்கமும் மரத் தட்டுகள், இரண்டாயிரத்து நூறு புத்தகங்கள், ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஒரு மடக்கு மேசை. பதினான்கு நிறுத்தங்கள். இருபத்து நான்கு வருடத்துக்கு முன்பு துறைமுகக் கிடங்கிலிருந்து அந்த வேனைப் புத்தம் புதிதாக ஓட்டிக்கொண்டு வந்தவரே அவர்தான். முதல் ஆயில் ஃபில்டர் வாங்கக் கடைக்கு வந்தார். இன்ஜின் எண் என்ன என்று அக்கா கேட்டாள். தெரியாது என்றார். தெரிந்துகொண்டு வாருங்கள் என்றாள். போய்ப் பார்த்து வந்து சொன்னார். ஒரு எண் தப்பாயிருந்தது. மறுபடி அனுப்பினாள். மூன்றாம் தடவை வந்தபோது அந்த எண்ணைத் தன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். அடுத்த வருடம் கல்யாணம்.

அந்த எண் இன்னும் அவருக்கு மனப்பாடம். ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரத்து எழுநூற்றுப் பதினாறு. மகளின் பிறந்த தேதியில் தடுமாறுவார், இதில் தடுமாற மாட்டார்.

அக்காவின் பெருமை ஒரு நீளமான நோட்டில் இருந்தது. மேலட்டையில் 'திரும்பி வந்தவை' என்று எழுதியிருக்கும். கடையிலிருந்து போன பாகம் எதுவும் திரும்பி வந்தால் அதில் ஏறும். காரணம் எழுத நான்கு கட்டங்கள்: வாடிக்கையாளர் மனம் மாறியது, பெட்டி நசுங்கியது, கைவைத்த இன்ஜின், கடையின் தவறு. கைவைத்த இன்ஜின் என்றால், யாரோ ஒரு மெக்கானிக் வேறு இன்ஜினின் பாகத்தைக் கழற்றி மாட்டிக் குழப்பி வைத்திருக்கிறான், அதனால்தான் சரியான பாகம் பொருந்தவில்லை என்று அர்த்தம். நான்காவது கட்டத்தில், இருபத்தொன்பது வருடமாக வருடக் கடைசியில் அவள் பூஜ்யம் போடுவாள். காம்பஸ் வைத்து வரைந்தது போல் அவ்வளவு வட்டமான பூஜ்யம்.

இந்த நிலையில் ஒரு திங்கட்கிழமை, காலை பத்து நாற்பதுக்கு, ஆறாவது நிறுத்தத்தில் நூலக வேன் புகைந்தது. வெள்ளைப் புகை. கதவைத் திறந்து கணவர் குதிக்க, புத்தகம் தேடிக்கொண்டிருந்த இரண்டு பெண்மணிகளும் கையிலிருந்த புத்தகங்களோடு குதித்தார்கள். ஒருத்தி பதிவு செய்யாமலே எடுத்துப் போய்விட்டாள் என்பது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது. தம்பி வந்து பார்த்து ஒரே நொடியில் சொன்னான்: ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. இன்ஜினின் கீழ்ப்பாதியான பிளாக்குக்கும் மேல்பாதியான ஹெட்டுக்கும் நடுவில் வைக்கும் தகடு அது. நான்கு பெரிய வட்டம், சுற்றிலும் தண்ணீரும் ஆயிலும் ஏறி இறங்கச் சின்னச் சின்ன ஓட்டைகள். இருபத்து நான்கு வருடமாக ஹெட்டையே கழற்றாத இன்ஜின். அதுவரை தாங்கியதே பெரிது.

சாதாரண நாளாக இருந்தால் இது ஒரு வேலையே இல்லை. ஆனால் வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வேனுக்குத் தகுதிச் சோதனை. பழைய வண்டி என்று நகராட்சி ஏற்கெனவே முகம் சுளித்துக்கொண்டிருந்தது. சான்று கிடைக்கவில்லையென்றால் வேன் நிறுத்தப்படும், பதிலுக்கு வேறு வேன் கிடையாது, ஓட்டுநர் பிறப்பு–இறப்புப் பதிவுப் பிரிவுக்கு மாற்றப்படுவார் என்று மூன்று வரியில் உத்தரவு வந்திருந்தது.

"பொறந்தவங்கள ஒரு நோட்டுல, போனவங்கள ஒரு நோட்டுல எழுதிக்கிட்டு நாள் முழுக்க உக்காரணுமா?" என்றார் கணவர். "நடுவுல இருக்கறவங்களத்தான் எனக்குத் தெரியும்!" சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அன்று மத்தியானம் சாப்பாட்டுத் தட்டில் பாதி மிச்சம் இருந்ததை அக்கா கவனித்தாள்.

திங்கள் மாலை நான்கு இருபதுக்கு அவளே அட்டையை எடுத்து, கறுப்பு மூடிக்குரிய கேஸ்கெட்டைத் தட்டிலிருந்து இறக்கி, எண்ணைச் சரிபார்த்துத் தம்பியிடம் கொடுத்தாள். செவ்வாய் காலை அவன் ஹெட்டை ஏற்றி மாட்டினான். சாவியைத் திருப்பினான். இன்ஜின் உடனே பிடித்தது. பிடித்த கையோடு மேலே டக் டக் டக் என்று சத்தம். நாற்பது நொடிக்குள் அணைத்துவிட்டான். மூடியைக் கழற்றிப் பார்த்தால் வால்வுகளை அழுத்தும் ராக்கர்கள் காய்ந்த மாவுப் பலகை போல இருந்தன. மேலே ஒரு சொட்டு ஆயில்கூட ஏறவில்லை.

பன்னிரண்டு பத்துக்குக் கவுன்டரில் வந்து நின்றான்.

"அக்கா, தப்பான கேஸ்கெட் குடுத்திருக்கே."

கவுன்டரில் நின்ற மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளி உள் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். அந்தக் கடையில் யாரும் அதுவரை சொல்லாத வாக்கியம் அது.

"என்னடா சொன்னே?"

"ஆயில் மேல ஏறல. கேஸ்கெட் அடைச்சுக்கிட்டு நிக்குது."

"வண்டி கறுப்பு மூடி. எண் நான் குடுத்த அட்டைக்குள்ள வருது. கேஸ்கெட் சரி. நீ என்னத்த மாட்டினே?"

"நான் என்ன, தலைகீழாவா மாட்டுனேன்?"

"மாட்டறதுக்கு முன்னாடி பிளாக் மேல வெச்சு ஓட்டைக்கு ஓட்டை பாத்தியா?"

 "பாக்கல" என்றான். "மத்தவங்க குடுத்தா பாப்பேன். நீ குடுத்தா பாக்கறதில்லக்கா. பதினேழு வருஷமா பாத்ததில்ல."

கவுன்டர் முன்னால் நின்ற வெல்டர், "இதுக்கு யார் மேல கோவப்படறது?" என்று பொதுவாகக் கேட்டார். 

அக்கா ஸ்டூலை விட்டு இறங்கினாள். கடை நேரத்தில் அவள் கவுன்டரைத் தாண்டி வெளியே வந்து யாரும் பார்த்ததில்லை. முதலாளியே பதறிப்போய், "எங்கம்மா?" என்றார். "பின்னாடி" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

ஒர்க்‌ஷாப்பில் வேனின் முன்மூடி திறந்திருந்தது. கணவர் ஒரு டயர் மேல் உட்கார்ந்து, நிற்கிற நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று கிழிந்த புத்தகங்களுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார். தம்பி மறுபடி ஹெட்டைக் கழற்றும்வரை அக்கா அசையவில்லை. கழற்றியதும் கேஸ்கெட்டை எடுத்துப் பிளாக் மேல் வைத்தாள். பத்து போல்ட் ஓட்டையும் சரி. தண்ணீர் ஓட்டைகள் சரி. ஆனால் ஆயில் மேலே ஏறும் ஓட்டை, கேஸ்கெட்டில் பின்பக்கம், நான்காவது சிலிண்டரை ஒட்டி இருந்தது. பிளாக்கில் அது முன்பக்கம், முதல் சிலிண்டர் ஓரத்தில் இருந்தது. வெள்ளி மூடி இன்ஜினில் இருக்கிற மாதிரி.

அவள் முகம் தெளிந்தது. "பாத்தியா? கைவைச்ச இன்ஜின். எவனோ வெள்ளி மூடி பிளாக்கை எடுத்து..."

"எவன்?" என்றார் கணவர், பசைக் கையோடு.

"யாரோ ஒரு மெக்கானிக்."

"ஏம்மா, இந்த வண்டிய மரப்பெட்டி வாசனையோட ஓட்டிட்டு வந்தவன் நான். இருபத்துநாலு வருஷமா என்னையும் உன் தம்பியையும் தவிர வேற எவனும் இதோட முன்மூடியத் தொறந்ததில்ல. எண்ணைப் பாரு. ஒண்ணு, ஒன்பது, பூஜ்யம், ஏழு, ஒண்ணு, ஆறு. உள்ளங்கையில எழுதிட்டு வந்தேனே, அதே எண்தானே?"

அக்கா குனிந்து பார்த்தாள். பிளாக்கில் அடித்திருந்த எண் அதேதான். நம்ப முடியாமல் விரலால் தடவிப் பார்த்தாள். அப்போதும் அதேதான்.

"வேணும்னா நான் கேஸ்கெட்டுல முன்பக்கம் ஒரு ஓட்ட போட்டுடறேன்" என்றான் தம்பி. "பஞ்ச் இருக்கு. ரெண்டு தட்டு."

"ஓட்டையச் சுத்தி இரும்பு வளையம் யாரு வைப்பா? ரெண்டே மாசத்துல ஆயிலும் தண்ணியும் கலந்து காப்பி மாதிரி வரும். அப்ப அதுல சர்க்கரையப் போட்டுக் குடிப்பியா?" என்றாள். கோபமாகச் சொன்னாலும் அவள் நினைப்பு வேறெங்கோ இருந்தது. முன்பக்க ஓட்டை, கறுப்பு மூடி. இந்த இரண்டையும் ஒன்றாக அவள் எங்கோ பார்த்திருக்கிறாள். படத்தில்.

விறுவிறுவென்று கடைக்குத் திரும்பி, மேல் அலமாரியிலிருந்து பழைய பாக விவரப் புத்தகத்தை இறக்கினாள். பக்கம் நாற்பத்தொன்றைத் திருப்பினாள். அந்தத் தாள் மற்றத் தாள்களைவிடத் தடிமனாக இருந்தது.

அப்போது எல்லாம் ஞாபகம் வந்தது. அவள் வேலைக்கு வந்த ஐந்தாவது வருடம் கம்பெனி சில கூடுதல் பக்கங்களை அனுப்பியது. அதில் ஒன்று நாற்பத்தொன்று–அ. படம் நாற்பத்தொன்றின் படமேதான். மேலோட்டமாகப் பார்த்தால் வரிகளும் அதே வரிகள்தான்; அடியில் பொடி எழுத்தில் இருந்த குறிப்பை அவள் படிக்கவில்லை. பாக எண்ணின் கடைசி இலக்கம் மட்டும் இரண்டுக்குப் பதில் மூன்று. ஒரே பக்கத்தை இரண்டு தடவை அச்சடித்து, எண்ணிலும் பிழை விட்டிருக்கிறார்கள் என்று அவள் முடிவு கட்டினாள். பிழையான பக்கம் கண்ணில் பட்டால் யாராவது குழம்புவார்களே என்று, மிகவும் சுத்தமாக, ஓரம் பிசகாமல், அதை நாற்பத்தொன்றின் பின்புறம் ஒட்டிவிட்டாள். அவ்வளவு சரியாகக் கோப்பு வைப்பவர்களால்தான் அப்படி ஒரு தப்பைச் செய்ய முடியும்.

முதலாளியின் அறையில் தேநீர் கெட்டில் இருந்தது. தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆவியில் தாளைக் காட்டினாள். முதலாளி வந்து பக்கத்தில் நின்றார்.

"என்னம்மா பண்றே?"

"இருபத்துநாலு வருஷத்துக்கு முன்னாடி நான் ஒரு காரியம் பண்ணேன் சார். அதப் பிரிச்சிட்டிருக்கேன்."

பன்னிரண்டு நிமிடத்தில் தாள் பிரிந்தது. பசை மஞ்சளாகிப் படத்தின் மேல் படிந்திருந்தது, ஆனாலும் படிக்க முடிந்தது. அடியில் அந்தக் குறிப்பு: இன்ஜின் எண் ஒரு லட்சத்து எண்பத்தெட்டாயிரத்து நானூற்றொன்று முதல் ஒரு லட்சத்துத் தொண்ணூற்றாறாயிரத்து இருநூற்றைம்பது வரை. ஆயில் வழி முன்புறம் மாற்றப்பட்டுள்ளது. படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். ஓர் ஓட்டை, ஒரே ஓர் ஓட்டை, இடம் மாறியிருந்தது.

கம்பெனி பெல்ட்டுக்கு மாறுவதற்கு நான்கு மாதம் முன்பே ஆயில் வழியை மட்டும் மாற்றியிருக்கிறது. வெளியே பார்த்தால் பழைய கறுப்பு மூடி, உள்ளே வரப்போகும் வெள்ளி மூடியின் ஆயில் வழி. மொத்தம் ஏழாயிரத்து எண்ணூற்றைம்பது இன்ஜின்கள். கறுப்பு, வெள்ளி என்று அவள் இரண்டாகப் பிரித்து வைத்த வரலாற்றின் நடுவில் இப்படி ஒரு நான்கு மாதக் கூட்டம் இருந்திருக்கிறது. அதில் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்தவரைத்தான் அவள் கல்யாணமும் செய்துகொண்டாள்.

வெள்ளி மூடியின் கேஸ்கெட் உதவாது, அதில் செயின் போக வழி கிடையாது. கம்ப்யூட்டரில் கடைசி இலக்கம் மூன்று போட்டுத் தேடினாள். 'தயாரிப்பு நிறுத்தப்பட்டது. இருப்பு இல்லை.' ஏஜென்சிக்குப் போன் செய்தாள். இருப்பு இல்லை. பக்கத்து ஊர்க் கடைகள் நான்குக்கும் செய்தாள். ஒரு கடைக்காரர், "நீங்களே எங்ககிட்ட கேக்கறீங்களா?" என்று ஆச்சரியப்பட்டார், அவ்வளவுதான்.

தம்பி கவுன்டரில் கையூன்றி நின்றிருந்தான். கணவரும் வந்திருந்தார். "பரவாயில்ல விடு" என்றார். "பதிவுப் பிரிவுல மின்விசிறி இருக்காம். வேன்ல அது கிடையாது."

அவர் அப்படி ஆறுதல் சொன்னதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. தலையைத் திருப்பிக்கொண்டாள். திருப்பிய இடத்தில் கடைசித் தட்டு. அதன் உச்சியில் ஒரு பிஸ்கட் டின்.

"டேய், ஏணியப் போடு."

"எதுக்கு?"

"போடுன்னா போடு!"

டின் மேல் அவள் கையெழுத்தில் 'தவறி வந்தவை' என்று எழுதியிருந்தது. கேட்காமல் வந்த பொருள்கள், எண் மாறி வந்த பொருள்கள். திருப்பி அனுப்பப் படிவம் வேண்டும், படிவம் வரவில்லை. எறிய அவளுக்கு மனம் வரவில்லை. சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். ஒரு வாட்டர் பம்ப், மூன்று கைப்பிடிகள், எந்த வண்டிக்கும் சேராத ஒரு கண்ணாடி. அடியில், மெழுகுத் தாள் சுற்றிய இரண்டு தட்டையான பொட்டலங்கள். அவற்றோடு ஒரு சீட்டு: 'கேஸ்கெட் இரண்டு. கடைசி இலக்கம் மூன்று. அனுப்பியவர் பிழை.' கீழே தேதி, அவள் கையெழுத்து.

வாட்டர் பம்ப்பின் கனத்தில் ஒன்று வளைந்திருந்தது. இன்னொன்று நேற்றுச் செய்தது போல இருந்தது. தம்பி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். முன்பக்க ஓட்டை வழியாக அக்காவைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினான்.

"இந்தத் தடவை பிளாக் மேல வெச்சுப் பாத்துட்டுத்தான் மாட்டுவேன்" என்றான்.

"இனிமே எப்பவும் பாரு."

புதன்கிழமை அவள் அரை நாள் விடுப்பு எடுத்தாள். இருபத்தொன்பது வருடத்தில் அது அவளுடைய நான்காவது விடுப்பு. தம்பி ராக்கர்களைத் துடைத்துப் பார்த்தான்; நாற்பது நொடிதான் ஓடியது என்பதால் கீறல் இல்லை. போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக மூன்று சுற்றில் இறுக்க வேண்டும். ஈரம் காய்ந்த நாற்பத்தொன்று–அ பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவள் வரிசையை வாசித்தாள்.

"அஞ்சு."

"தெரியும்க்கா."

"ஆறு."

"பதினேழு வருஷமா இதத்தான் பண்றேன்க்கா."

"மூணு."

"மாமா, இவங்கள நீங்க எப்படித்தான் வெச்சு சமாளிக்கறீங்க?"

"எங்க வீட்ல போல்ட்டு கம்மி மச்சான்" என்றார் கணவர்.

மூன்றரை மணிக்குச் சாவியைத் திருப்பினார்கள். முதல் சில நொடி டக் டக் என்றது. மூவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. பத்தாவது நொடியில் சத்தம் குறைந்தது, பதினான்காவது நொடியில் நின்றது. தம்பி ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்ற, உள்ளேயிருந்து ஒரு சொட்டு தெறித்து அக்காவின் மூக்கில் விழுந்தது. அவள் அதைத் துடைக்காமலே சிரித்தாள்.

வியாழக்கிழமை பரிசோதகர் ஒல்லியான, யாரையும் நம்பாத மனிதர். நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை இன்ஜின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். ஒன்பது நிமிடம் கேட்டார்.

"எத்தனை வருஷத்து வண்டி?"

"என் மகளை விட மூணு வயசு மூப்பு" என்றார் கணவர்.

"ஹெட்டைக் கழட்டியிருக்கு போலிருக்கே. கேஸ்கெட் எந்தக் கடை?"

கணவர் கடையின் பெயரைச் சொன்னார்.

"ஓ, அந்தம்மா கடையா?" என்றவர் ஸ்க்ரூடிரைவரை இறக்கினார். "அப்ப சரியாத்தான் இருக்கும்."

பின்பக்க பல்பு ஒன்று மங்கலாக இருக்கிறது, மாற்றிவிடுங்கள் என்று சொல்லிச் சான்றில் முத்திரை வைத்தார். அப்போது மணி பதினொன்று ஐம்பத்திரண்டு.

கணவர் இதைச் சொன்னபோது அக்கா சிரிக்கவில்லை. 'அப்ப சரியாத்தான் இருக்கும்' என்ற வார்த்தை அவளுக்கு உறுத்தியது. அன்று மத்தியானம் மூன்றாவது அட்டையை டைப் அடித்து, கறுப்புக்கும் வெள்ளிக்கும் நடுவில் செருகினாள். பிறகு 'திரும்பி வந்தவை' நோட்டை எடுத்தாள். கைவைத்த இன்ஜின் என்ற கட்டத்தில் இத்தனை வருடத்தில் கேஸ்கெட் பதிவு இரண்டே இரண்டு. ஒன்று, பதினாறு வருடம் முன்பு ஒரு பள்ளி வேன். அந்த ஓட்டுநர் ஊரை விட்டுப் போயாயிற்று. இன்னொன்று, பதினோரு வருடம் முன்பு ஒரு டாக்ஸி. இரண்டு இன்ஜின் எண்களும் அந்த நான்கு மாதக் கூட்டத்துக்குள் வந்தன.

இரண்டையும் அடித்து, 'கடையின் தவறு' கட்டத்துக்கு மாற்றினாள். நூலக வேனையும் சேர்த்து மூன்று. அந்தந்த வருடத்துப் பூஜ்யங்களைத் திருத்தும்போது முதலாளி பார்த்துக்கொண்டே நின்றார். "யாரும்மா கேக்கப்போறா?" என்றார். "டாக்ஸிக்காரர் கேக்கணும் சார்" என்றாள்.

டாக்ஸிக்காரர் இப்போது வண்டி ஓட்டுவதில்லை. வேனின் ஒன்பதாவது நிறுத்தத்தில் தவறாமல் வந்து துப்பறியும் நாவல் எடுப்பவர். சனிக்கிழமை அக்கா கணவரின் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். வழி முழுக்க இன்ஜினைக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

ஒன்பதாவது நிறுத்தத்தில் அவர் காத்திருந்தார். அக்கா இறங்கி, நின்றபடியே, சுற்றி வளைக்காமல் சொன்னாள். அன்றைக்கு உங்கள் இன்ஜினில் யாரும் கைவைக்கவில்லை, நான்தான் தப்பான கேஸ்கெட் கொடுத்தேன், தப்பு உங்கள் மெக்கானிக் மேலும் இல்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "பாலத்தடி மெக்கானிக் என் பிளாக்கைத் திருடி மாத்திட்டான்னுதான் நான் இத்தனை நாளா நெனச்சிட்டிருக்கேன்! அவன் முகத்துல முழிச்சுப் பதினோரு வருஷமாச்சு."

"என்னாலதான். மன்னிச்சுக்கங்க."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டினார். பிறகு முகத்தில் கலவரம் படர்ந்தது. "அப்ப நான் போயி அவன்கிட்ட பேசணுமா?"

"பேசினா நல்லது."

"ஐயோ! அவன் பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டானேம்மா! இந்தப் பதினோரு வருஷந்தான் என் காதுக்கு நிம்மதி." சொல்லிக்கொண்டே வேனுக்குள் ஏறிப் புத்தகங்களுக்கு நடுவில் உட்கார்ந்தார். "அடுத்த ஸ்டாப் பாலத்தடிதானே? எடுங்க வண்டிய, மனசு மாறறதுக்குள்ள."

பாலத்தடி மெக்கானிக் தன் கொட்டகை வாசலில் நின்று, வருகிற வேனின் சத்தத்தைத் தலையைச் சாய்த்துக் கேட்டார். "நல்லா ஓடுதே! ஹெட் எவன் மாட்டினது?" என்றவர், இறங்குகிற ஆளைப் பார்த்ததும் வாயடைத்து நின்றார். அப்படி நின்றது சுமார் ஏழு நொடி. பிறகு தொடங்கினார்.

அந்த நிறுத்தத்துக்கு இருபத்தைந்து நிமிடம்தான் ஒதுக்கீடு. வேன் கிளம்ப ஒரு மணி பதினைந்து நிமிடம் ஆயிற்று. டாக்ஸிக்காரரை அங்கிருந்து கிளப்ப முடியவில்லை, மெக்கானிக்கை நிறுத்தவும் முடியவில்லை. நடுவில் இருவரும் அக்காவைக் கூப்பிட்டு, அந்த நான்கு மாத இன்ஜின் கதையை முதலிலிருந்து மூன்று தடவை சொல்ல வைத்தார்கள். அவளும் அலுக்காமல், ஓட்டை எங்கே இருந்தது என்று தரையில் கரித்துண்டால் வரைந்து காட்டினாள்.

கணவர் இருக்கையில் ஏறி, பயணப் பதிவேட்டைத் திறந்தார். தாமதம்: ஐம்பது நிமிடம். அதற்குப் பக்கத்தில் காரணம் எழுத ஒரு கட்டம்.

"ஏம்மா, இங்க என்னன்னு எழுதறது?"

"உள்ளது எதுவோ அத எழுதுங்க."

அவர் பேனாவை ஒரு தடவை உதறிவிட்டு, நிறுத்தி நிதானமாக எழுதினார்: கடையின் தவறு.

அக்கா எட்டிப் பார்த்தாள். "கடைசியில ஒரு முற்றுப்புள்ளி வெச்சிடுங்க" என்று மட்டும் சொன்னாள்.